கிளினிக்கில் நமக்கென்று ஒரு மிஸ்ஸி



இம்முறை நமது சுகாதாரப் பாடம் ஒரு வருத்தத்தைப் பற்றியதோ மருந்தைப் பற்றியதோ அல்ல. மருந்து கொடுக்கிற இடத்தில் இருக்கும் ஓர் ஆளைப் பற்றியது.

சீனி வருத்தம், பிரஷர், இருதய வருத்தம் என்று மாதா மாதம் கிளினிக் போய் வருகிறவர்கள் இல்லாத லயம் இப்போது இல்லை. அவர்களில் ஒருவரிடம் "யார்கிட்ட காட்டுறீங்க?" என்று கேட்டுப் பாருங்கள். "பெரிய டாக்டர்கிட்ட" என்பார்கள். "டாக்டருக்கு என்ன சொன்னீங்க?" என்று கேட்டால் பதில் வராது. சொல்வதற்கு அங்கே நேரம் ஏது? விடிய நாலு மணிக்கு எழும்பி, முதல் பஸ்ஸைப் பிடித்து, நம்பர் துண்டு எடுத்து, பத்து மணி வரைக்கும் வாங்கில் உட்கார்ந்திருந்து, உள்ளே போனால் இரண்டு மூன்று நிமிஷத்தில் வெளியே வந்துவிடுகிறோம். டாக்டரைக் குறை சொல்லி வேலையில்லை. வாசலில் நிற்கிற வரிசையைப் பார்த்தாலே அவருடைய பாடு தெரியும்.

ஆனால் அதே கிளினிக்கில் இன்னொரு மேசை இருக்கிறது. அதில் ஒரு தாதிய உத்தியோகத்தர் இருப்பார். நாம் மிஸ்ஸி என்று கூப்பிடுகிறோம். நிறுத்துப் பார்ப்பார், பிரஷர் பார்ப்பார், கொப்பியில் எழுதுவார். நம்மவர்கள் அவரை டாக்டரிடம் போகிற வழியில் இருக்கும் ஒரு கேட் மாதிரி நினைத்துக் கடந்து போய்விடுகிறார்கள். உண்மையில் நம்முடைய கதையைக் கேட்பதற்கென்று பயிற்சி பெற்ற ஆள் அவர்தான். மாதத்துக்கு மாதம் டாக்டர் மாறலாம். பல கிளினிக்குகளில் அந்த மேசையில் இருக்கிறவர் மாறுவதில்லை.

பழைய ஆட்களுக்கு ஒன்று ஞாபகம் இருக்கும். முன்பெல்லாம் தோட்டத்து டிஸ்பென்சரியில் இருந்த ஐயாவுக்கு யாருடைய மகன் யார், யாருக்கு எந்தப் பிள்ளை பிறக்கும்போது என்ன நடந்தது என்பதெல்லாம் தெரியும். அவர் கொடுத்த கலவை மருந்து எந்த அளவுக்கு வேலை செய்தது என்பது வேறு கதை. ஆனால் முகத்தைப் பார்த்தே "நேத்து ராத்திரி குடிச்சியாடா?" என்று கேட்டுவிடுவார். டவுன் ஆஸ்பத்திரிக்குப் போகத் தொடங்கிய பிறகு நல்ல மருந்து கிடைத்தது, இரத்தப் பரிசோதனை கிடைத்தது, அறிந்த முகம் போய்விட்டது. நாம் ஒரு நம்பராகிவிட்டோம். கிளினிக்கில் நமக்கென்று ஒரு மிஸ்ஸி இருந்தால் போன அந்த முகம் திரும்பக் கிடைக்கிறது, நல்ல மருந்தோடு சேர்த்து.

இந்த யோசனை எங்கிருந்து வந்தது?

சீனி வருத்தத்துக்கு இன்சுலின் ஊசி முதன்முதலில் மனிதருக்குப் போடப்பட்டது 1922 ஜனவரியில், கனடாவின் டொரொன்டோ நகரில். நோயாளி 14 வயதுப் பையன். அதுவரைக்கும் இந்த வருத்தம் வந்த பிள்ளைகள் எலும்பும் தோலுமாகிச் செத்துத்தான் போனார்கள். இன்சுலின் வந்ததும் உயிர் தப்பியது. ஆனால் புதிய சிக்கல் ஒன்றும் வந்தது. ஊசியை யார் போடுவது, எவ்வளவு போடுவது, என்ன சாப்பிடுவது, சீனி இறங்கினால் என்ன செய்வது? தினமும் வீட்டில் நடக்க வேண்டிய வேலை இது. இதற்கெல்லாம் டாக்டர் வீட்டுக்கு வந்து நிற்க முடியாதே.

அமெரிக்காவின் பொஸ்டன் நகரில் எலியட் ஜொஸ்லின் என்ற டாக்டர் தாதிகளுக்குத் தனிப் பயிற்சி கொடுத்து நோயாளிகளின் வீடுகளுக்கே அனுப்பினார். ஊசி போடவும் சாப்பாட்டை அளக்கவும் அவர்கள் வீட்டு ஆட்களுக்குச் சொல்லிக் கொடுத்தார்கள். பிறகு 1950களில் இங்கிலாந்தின் லெஸ்டர் நகரில் ஜோன் வோக்கர் என்ற பெண் டாக்டரும் இதைப் போலவே கிளினிக்கோடு சேர்ந்து வீடுகளுக்குப் போய் வரும் தாதிகளை வைத்து வேலை செய்தார்.

நம்முடைய பக்கத்துக்கு வருவோம். 2004இல் தொடங்கிய ஒரு திட்டத்தில் இந்தியா, இலங்கை, பங்களாதேஷ், நேபாளம், ஆபிரிக்காவின் தன்சானியா ஆகிய நாடுகளில் சீனி வருத்தக்காரர்களின் கால்களைக் காப்பாற்றுவதற்குப் பயிற்சி கொடுத்தார்கள். டாக்டரைத் தனியாகக் கூப்பிடவில்லை. ஒரு டாக்டரோடு ஒரு தாதி அல்லது சுகாதார உதவியாளர் என்று சோடி சோடியாகக் கூப்பிட்டுப் பயிற்றினார்கள். காலைக் கழுவி, பார்த்து, செருப்பைப் பற்றிப் பேசி, திரும்பத் திரும்பச் சொல்லிக் கொடுப்பது டாக்டர் தனியாகச் செய்து முடிக்கிற வேலையல்ல என்று அவர்கள் கண்டிருந்தார்கள். இலங்கை மருத்துவச் சங்கமும் 'நிரோகி லங்கா' என்ற திட்டத்தின் மூலம் அரச ஆஸ்பத்திரித் தாதிகளுக்கு நீரிழிவுக் கல்விப் பயிற்சி கொடுத்தது.

இதற்கெல்லாம் தேவை இருந்தது. வடக்கு, கிழக்கு தவிர்ந்த 7 மாகாணங்களில் 2005, 2006ஆம் ஆண்டுகளில் நடந்த பெரிய ஆய்வில் 20 வயதுக்கு மேற்பட்டவர்களில் 100 பேருக்கு 10 பேர் என்ற கணக்கில் சீனி வருத்தம் இருந்தது. அவர்களில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேலானவர்களுக்குத் தமக்கு அந்த வருத்தம் இருப்பதே தெரியாது.

பதுளை மாவட்டத்துக்கு இதில் ஒரு தனி இடம் உண்டு. நம்மில் பலருக்கு இது தெரியாது. சீனி, பிரஷர், இருதய வருத்தங்களைச் சிறிய ஆஸ்பத்திரிகளிலேயே கண்டுபிடித்துக் கவனிக்க உலக சுகாதார நிறுவனம் ஒரு முறையை வகுத்தது. இலங்கையில் அதைப் பரீட்சித்துப் பார்த்தது நமது பதுளை மாவட்டத்தில்தான். இதே நோக்கத்தோடு ஜப்பான் உதவியில் குருநாகலிலும் பொலன்னறுவையிலும் இன்னொரு திட்டம் நடந்தது. இவற்றில் கிடைத்த அனுபவத்தை வைத்துத்தான் 2011இலிருந்து நாடு முழுவதும் ஆரோக்கிய வாழ்க்கை நிலையங்கள் தொடங்கப்பட்டன. முதலில் 40 முதல் 65 வயது வரையுள்ளவர்களைப் பார்த்தார்கள். பின்னர் 35 வயதிலிருந்தே வரலாம் என்றாயிற்று. பொதுச் சுகாதாரத் தாதிய உத்தியோகத்தர் என்ற புதிய பதவியும் வந்தது. சிறிய ஆஸ்பத்திரியில் இருந்துகொண்டு, கிளினிக்குக்கு வருகிறவர்களையும் வராமல் நின்றுபோனவர்களையும் தேடிப் பார்ப்பது அவருடைய வேலை.

எல்லா ஆஸ்பத்திரியிலும் அப்படி ஒருவர் இருக்கிறார் என்று நான் சொல்லவில்லை. நீங்கள் போகிற இடத்தில் கேளுங்கள். "சீனிக்கு, பிரஷருக்கு தனியா ஒரு மிஸ்ஸி இருக்காங்களா?" இந்த ஒரு கேள்வி போதும். தனியாக இல்லாவிட்டாலும், மூன்று மாதம் தொடர்ந்து ஒரே மேசையில் பார்க்கிற மிஸ்ஸியிடம் உங்கள் பெயரையும் தோட்டத்தையும் சொல்லி வையுங்கள்.

மிஸ்ஸி என்ன பார்க்கிறார்?

உயரம், நிறை, இடுப்பின் சுற்றளவு, பிரஷர், சீனி. அதோடு வயது, புகை பிடிப்பவரா என்ற கேள்வி. இதெல்லாம் எதற்கு என்று நம்மவர்கள் சலித்துக்கொள்வதுண்டு. இவற்றை ஒரு கலர் அட்டையில் வைத்துப் பார்ப்பார்கள். பச்சையில் விழுந்தால் அடுத்த 10 வருஷத்துக்குள் மாரடைப்போ பாரிசவாதமோ வரும் அபாயம் குறைவு, 100 பேரில் 10 பேருக்கும் குறைவாகத்தான் வரும். மஞ்சள், செம்மஞ்சள், சிவப்பு என்று போகப் போக அபாயம் கூடும். ஒரே பிரஷர் உள்ள இரண்டு பேரில் ஒருவருக்கு மாத்திரை கொடுத்து, மற்றவருக்கு உப்பைக் குறைக்கச் சொல்லி அனுப்புவது இதனால்தான். "அவளுக்கு மட்டும் மருந்து குடுத்தாங்க, எனக்குக் குடுக்கல்ல" என்று கோபித்துக்கொண்டு வருகிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். அட்டையில் எந்தக் கலரில் இருக்கிறோம் என்று கேட்டால் மிஸ்ஸி காட்டுவார்.

இது பார்க்கிற வேலை. அதைவிடப் பெரிய வேலை கேட்கிற வேலை. இதற்கு ஒரு சம்பவத்தைச் சொல்ல வேண்டும்.

கொழுந்து எடுக்கிற ஒரு அக்கா. வயது ஐம்பதுக்குக் கிட்ட. பல வருஷமாகச் சீனிக்கு மாத்திரை. டாக்டர் காலையிலும் இரவிலும் குடிக்கச் சொல்லியிருந்தார். அக்கா அப்படிக் குடிக்கவில்லை. தலை சுற்றினால் குடிப்பார், சுகமாக இருந்தால் விட்டுவிடுவார். கிளினிக்குக்கு இரண்டு நாள் இருக்கும்போது மட்டும் ஒழுங்காகக் குடிப்பார். இரத்தத்தில் சீனி கூடத்தான் காட்டும். "மருந்து குடிக்கிறீங்களா?" என்றால் "ஆமாங்க" என்பார். டாக்டர் என்ன செய்வார்? குடித்தும் குறையவில்லை என்று நினைத்து மாத்திரையைக் கூட்டினார். அடுத்த முறையும் அதே கதை. இன்னும் கூட்டினார். கொப்பியில் மருந்து ஏறிக்கொண்டே போனது, வயிற்றுக்குள் போகவில்லை.

தீபாவளிக்குக் கொழும்பிலிருந்து மகள் வந்தாள். அலுமாரியில் மாத்திரை குவிந்து கிடப்பதைப் பார்த்து, சத்தம் போட்டு, கொப்பியில் எழுதியிருந்தபடியே எல்லாவற்றையும் எண்ணிக் குடிக்க வைத்தாள். பிள்ளை செய்ததில் தப்பில்லை. மூன்றாம் நாள் அக்கா வெறும் பிளேன்டியோடு மலைக்குப் போனார். பத்து மணிக்கு முன்னேயே வேர்த்துக் கொட்டி, கை நடுங்கி, கூடையோடு சரிந்துவிட்டார். பக்கத்து நிரையில் இருந்தவர்கள் முனி அடித்துவிட்டது என்றார்கள். கங்காணியின் பையில் இருந்த சீனி உருண்டைதான் அன்றைக்குக் காப்பாற்றியது.

அதற்குப் பிறகு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனபோது அங்கிருந்த மிஸ்ஸி முதலில் செய்தது ஊசியோ பரிசோதனையோ அல்ல. "வீட்டில இருக்கிற மாத்திரை எல்லாத்தையும் அடுத்த முறை பையோட கொண்டு வாங்க" என்றார். கொண்டு போனதும் மேசையில் கொட்டி எண்ணினார். திகதியைப் பார்த்தார், சிரித்தார். ஏசவில்லை. "அக்கா, இதைக் குடிச்சா என்ன செய்யுது?" என்று மட்டும் கேட்டார். அப்போதுதான் அக்கா வாயைத் திறந்தார். குடித்தால் பசிக்கிறது, மலையில் சாப்பிட ஒன்றுமில்லை, பயமாக இருக்கிறது என்றார். ஐந்தாறு வருஷமாக எந்த டாக்டருக்கும் போய்ச் சேராத விஷயம் அது. மிஸ்ஸி அதை டாக்டருக்கு எழுதினார். டாக்டர் மருந்தைக் குறைத்து, சாப்பாட்டு நேரத்தோடு பொருத்திக் கொடுத்தார். இப்போது அக்கா குடிக்கிறார், சீனியும் கட்டுக்குள் இருக்கிறது.

மிஸ்ஸியிடம் பொய் சொன்னால் நஷ்டம் மிஸ்ஸிக்கு அல்ல. "குடிக்கவில்லை" என்று சொன்னால் ஏச்சு விழும் என்று பயப்படுகிறோம். குடித்தேன் என்று பொய் சொன்னால் மருந்து கூடும். கூடிய மருந்து ஒருநாள் வேலையைக் காட்டும்.

ஏசுகிற மிஸ்ஸிமார் இல்லையா என்று கேட்பீர்கள். இருக்கிறார்கள். அவர்களிடமும் சொல்லத்தான் வேண்டும். ஏச்சு கேட்டால் அரை மணி நேரம் மனசு நோகும், அவ்வளவுதான்.

சீனி இறங்கினால்

மேலே சொன்ன மயக்கத்தைப் பற்றி எல்லாருக்கும் தெரிந்திருக்க வேண்டும். இன்சுலின் போடுகிறவர்களுக்கும் சில வகை மாத்திரை குடிக்கிறவர்களுக்கும் இது வரும். கிளிக்ளசைட் அப்படி ஒரு மாத்திரை. மெட்போமின் மட்டும் குடிக்கிறவர்களுக்கு வருவது மிக அரிது. உங்கள் மாத்திரை எந்த வகை என்று மிஸ்ஸியிடம் கேட்டுக் கொப்பியில் எழுதி வாங்குங்கள்.

வேர்வை, நடுக்கம், நெஞ்சு படபடப்பு, கண் இருட்டுதல், காரணமில்லாத கோபம், பேச்சுத் தடுமாற்றம். இதில் எது வந்தாலும் மூன்று நான்கு தேக்கரண்டி சீனியைத் தண்ணீரில் கலந்து உடனே குடிக்க வேண்டும். கால் மணி நேரம் இருந்து பார்த்து, குணமில்லாவிட்டால் மறுபடியும் அதே அளவு. குணமானதும் ரொட்டியோ சோறோ சாப்பிட வேண்டும். ஆள் நினைவில்லாமல் கிடந்தால் வாயில் ஒன்றும் ஊற்றக் கூடாது. மூச்சுக்குழாயில் போய்விடும். ஒரு பக்கமாகச் சரித்துப் படுக்க வைத்து, 1990க்கு அடித்து சுவசரிய அம்பியூலன்ஸைக் கூப்பிடுங்கள். காசு இல்லை. தோட்டத்தின் பெயர், டிவிஷன், எந்த ரோட்டால் வர வேண்டும் என்பதைத் தெளிவாகச் சொல்ல ஒருவர் போனில் இருக்கட்டும். மலைக்குப் போகிற சீனி வருத்தக்காரர் மடியில் ஒரு சீனிப் பொட்டலம் முடிந்துகொண்டு போகட்டும். வெற்றிலை முடிய இடமிருக்கிறது, இதற்கு இருக்காதா?

கால்

மிஸ்ஸி செருப்பைக் கழற்றச் சொன்னால் நம்முடைய பெண்கள் வெட்கப்படுகிறார்கள். பாதம் வெடித்திருக்கிறது, கறை பிடித்திருக்கிறது, எப்படிக் காட்டுவது என்று. வெட்கப்படாதீர்கள். தேயிலை மலையில் நடந்த கால் அப்படித்தான் இருக்கும், மிஸ்ஸிக்கும் அது தெரியும்.

அவர் கையில் மீன் தூண்டில் நூல் மாதிரி ஒரு நைலோன் இழை இருக்கும். அதைப் பாதத்தில் அழுத்தினால் 10 கிராம் பாரத்தில் வளையும். கண்ணை மூடச் சொல்லி அங்கங்கே தொட்டு, "தெரியுதா?" என்று கேட்பார். தெரியாவிட்டால் நரம்பு பழுதாகத் தொடங்கிவிட்டது என்று அர்த்தம். இதிலும் நம்மவர்கள் பரீட்சை மாதிரி நினைத்து, தெரியாமலேயே "தெரியுது" என்கிறார்கள். வேண்டாம்.

உணர்வு இல்லாத கால் நம்முடைய வேலைக்கு எவ்வளவு ஆபத்தானது என்று யோசியுங்கள். கவ்வாத்து வெட்டிய மலையில் குச்சி குத்தும், தெரியாது. அட்டை கடித்த இடத்தைச் சொறிந்து புண்ணாகும், தெரியாது. அப்புத்தளை, நமுனுகுலைப் பக்கத்துக் குளிருக்கு ராத்திரி அடுப்படியில் காலை நீட்டிக்கொண்டு உட்காருவது நமக்குப் பழக்கம். உணர்வு போன கால் வெந்தாலும் தெரியாது. காலையில் கொப்புளத்தைப் பார்த்துத்தான் தெரியும். பிறகு சீழ், பிறகு வார்ட், பிறகு விரலை எடுப்பதா பாதத்தை எடுப்பதா என்ற பேச்சு. காலில்லாமல் எந்த மலை ஏறுவது?

ஆகவே தினமும் வேலை முடிந்து வந்து காலைக் கழுவி, விரல் இடுக்குகளைத் துணியால் துடைத்து, அடிப்பாதத்தைப் பார்க்க வேண்டும். கண் தெரியாதவருக்குப் பேரப்பிள்ளை பார்க்கட்டும். நெருப்பில் குளிர் காய வேண்டாம், மேசு போட்டுக்கொள்ளுங்கள். வெறுங்காலோடு மலைக்குப் போகக் கூடாது. சப்பாத்துக்குள் கையை விட்டு, கல், ஆணி இருக்கிறதா என்று தடவிப் பார்த்துவிட்டுப் போடுங்கள். ஆணிக்காலை பிளேட்டால் வெட்டுகிற கைவைத்தியம் சீனி வருத்தக்காரருக்கு ஆகவே ஆகாது. சின்னப் புண் என்றாலும் கிளினிக் திகதி வரைக்கும் வைத்திருக்காமல் அன்றைக்கே டிஸ்பென்சரிக்கு வாருங்கள்.

பாஷையும் பேரும்

பதுளை, பண்டாரவளை, வெலிமடை எங்கே போனாலும் மிஸ்ஸி சிங்களம் பேசுகிறவராக இருப்பது சாதாரணம். தமிழ் அரச பாஷைதான், சட்டத்தில் இருக்கிறது. ஆனால் திங்கட்கிழமை காலையில் மேசைக்கு முன்னால் நிற்கும்போது சட்டம் மொழிபெயர்க்க வராது. நம்மில் அநேகருக்குக் கடைக்குப் போதுமான சிங்களம் தெரியும், அதை இங்கேயும் பாவியுங்கள். கால் விறைக்கிறது என்பதற்கு "கக்குல ஹிரி வெட்டெனவா" என்றால் போதும், மிஸ்ஸி நிமிர்ந்து பார்ப்பார். பல மிஸ்ஸிமார் கொஞ்சம் தமிழும் பேசுவார்கள், நாம் ஆரம்பித்தால்.

பள்ளிக்கூடம் போகிற பிள்ளையை மொழிபெயர்க்கக் கூட்டிப் போகிறவர்கள் உண்டு. மாத்திரை, திகதி பற்றிப் பேச அது சரி. ஆனால் சீனி வருத்தத்தில் வெளியே சொல்லக் கூசுகிற விஷயங்களும் இருக்கின்றன. பெண்களுக்கு அரிப்பு, ஆண்களுக்குப் பலவீனம், படுக்கையில் மூத்திரம் போவது. பதினாலு வயது மகளை வைத்துக்கொண்டு எந்தத் தகப்பன் இதைச் சொல்வான்? அதற்கு ஒரு பெரிய ஆளோடு போங்கள், அல்லது தோட்டத்தில் நம்மிடம் சொல்லி ஒரு துண்டில் சிங்களத்தில் எழுதி வாங்கிப் போங்கள். துண்டைக் கொடுத்தால் மிஸ்ஸி வாசித்துவிட்டுத் தலையை ஆட்டுவார். வேறு யாருக்கும் தெரிய வேண்டியதில்லை.

அடுத்தது பேர். கிளினிக் போனால் அன்றைய பேர் போகிறது. இது சின்ன விஷயமல்ல. கிளினிக்கை விட்டுவிடுகிறவர்கள் சோம்பலால் விடுவதில்லை, அடுப்பு எரிய வேண்டும் என்பதால் விடுகிறார்கள். இதையும் மிஸ்ஸியிடம் சொல்லலாம் என்று பலருக்குத் தெரியாது. சீனிக்கு ஒரு நாள், பிரஷருக்கு ஒரு நாள் என்று இரண்டு திகதி இருந்தால் ஒரே நாளில் போடக் கேட்கலாம். கணவன், மனைவி இருவரும் நோயாளிகள் என்றால் ஒரே நாளில் வரலாமா என்று கேட்கலாம். வருத்தம் கட்டுக்குள் இருந்தால் பக்கத்துச் சிறிய ஆஸ்பத்திரியில் மருந்து எடுக்க எழுதித் தர முடியுமா என்றும் கேட்கலாம். எல்லாம் நடக்கும் என்றில்லை. கேட்காதவருக்கு ஒன்றும் நடக்காது. திகதி தவறினால் அடுத்த மாதம் வரைக்கும் ஒளிந்திருக்க வேண்டாம். அடுத்த நாளே போய் "நேத்து வர முடியல்ல மிஸ்ஸி" என்று சொல்லுங்கள். முகம் தெரிந்தவருக்கு அந்த வாசல் திறக்கும்.

2022இல் நாடு வங்குரோத்தானபோது மருந்துத் தட்டுப்பாடு வந்தது எல்லாருக்கும் ஞாபகம் இருக்கும். அந்த நாட்களில் ஒரு மாதம் வெள்ளை மாத்திரை, மறு மாதம் மஞ்சள். "இது என் மருந்து இல்ல" என்று சிலர் குடிக்காமல் விட்டார்கள். இன்னும் சிலர் பழையதும் வேறு, புதியதும் வேறு என்று நினைத்து இரண்டையும் சேர்த்துக் குடித்தார்கள். இரண்டும் ஆபத்து. இப்போதும் கம்பெனி மாறினால் நிறமும் வடிவமும் மாறும். மாத்திரையின் முகம் மாறியிருந்தால் வீட்டுக்கு வந்து யோசிக்காமல் அங்கேயே காட்டிக் கேளுங்கள்.

கிளினிக்குக்குப் போகும்போது

வெறும் வயிற்றில் இரத்தம் எடுக்கிற நாளென்றால் முதல் நாள் இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு தண்ணீர் மட்டும்தான். பிளேன்டியும் கூடாது, சீனி போடாவிட்டாலும். அன்று காலைச் சீனி மாத்திரையையும் இன்சுலினையும் வீட்டில் எடுத்துவிட்டு வெறும் வயிற்றோடு பஸ் ஏறக் கூடாது. கையோடு கொண்டு போய், இரத்தம் கொடுத்து, கட்டிக்கொண்டு போன ரொட்டியைச் சாப்பிடும்போது எடுங்கள். பிரஷர் மாத்திரையை என்ன செய்வது என்று முந்திய கிளினிக்கிலேயே கேட்டு வையுங்கள். மிச்ச மாத்திரைகளை, நாட்டு மருந்து குடித்தால் அதையும், பையோடு எடுத்துப் போங்கள். நாட்டு மருந்து குடிப்பதை மறைக்காதீர்கள், மிஸ்ஸியின் அம்மாவும் கஷாயம் குடிப்பவராகத்தான் இருப்பார்.

இன்சுலின் வைத்திருப்பவர்கள் வீட்டில் பிரிஜ் இல்லையே என்று ஊசியை வேண்டாம் என்கிறார்கள். நமது குளிர்ப் பகுதியில், பாவிக்கிற போத்தலை ஈர மணலில் வைத்த மண் சட்டிக்குள் வெயிலும் அடுப்புச் சூடும் படாமல் வைத்தால் ஏறக்குறைய ஒரு மாதம் தாங்கும். பிரிஜ் உள்ள வீட்டில் ஐஸ் பெட்டிக்குள் வைத்தால்தான் கெட்டுப்போகும். ஊசி போடும் இடத்தை மாற்றி மாற்றிப் போட வேண்டும், இல்லாவிட்டால் அந்த இடம் கட்டியாகி மருந்து ஒழுங்காக உள்ளே போகாது. இதை மிஸ்ஸியின் கண் முன்னே ஒருமுறை போட்டுக் காட்டுங்கள். பத்து வருஷமாகப் போடுகிறவர்களும் தப்பாகப் போடுவதுண்டு.

மிஸ்ஸிக்குப் போஞ்சி, தேத்தூள் என்று பை கட்டிக்கொண்டு போக வேண்டாம். நம்முடைய ஆட்களின் நல்ல மனசு எனக்குத் தெரியும். ஆனால் அடுத்த நாள் பை இல்லாமல் போகிறவருக்கு என்ன மரியாதை என்ற கேள்வி வரும். மருந்தை மாற்றுகிற அதிகாரமும் அவருக்கு இல்லை, "நீங்களே ஒரு மாத்திரையைக் கூட்டிக் குடுங்க" என்று நெருக்காதீர்கள். டாக்டரிடம் எடுத்துச் சொல்வதுதான் அவருடைய பலம்.

அரச தாதிகளுக்கு இடமாற்றம் வரும். ஐந்து வருஷம் நம்மைத் தெரிந்திருந்த மிஸ்ஸி ஒருநாள் வேறு ஊருக்குப் போய்விடுவார். அவருக்குத் தெரிந்ததெல்லாம் அவரோடு போய்விடாமல் இருக்க வேண்டுமானால் கொப்பியில் இருக்க வேண்டும். "மலையில் வேலை, பகல் சாப்பாடு பிந்தும்", "வலது கால் உணர்வு குறைவு", "இந்த மாத்திரைக்கு வாந்தி", இப்படி இரண்டிரண்டு வரி எழுதித் தரக் கேளுங்கள். புதிதாக வருகிறவர் அதை வாசித்தால் உங்களைப் பாதி தெரிந்தவர் ஆகிவிடுவார். கொப்பியை ஷொப்பிங் பேக்கில் சுற்றி, கூரை ஒழுகாத பக்கம் வையுங்கள். நனைந்து மை கரைந்த கொப்பிகளை நான் நிறையப் பார்த்துவிட்டேன்.

உங்கள் கிளினிக் திகதிகளை டிஸ்பென்சரியில் கொண்டுவந்து பதிந்துவிட்டால், முதல் நாள் காலைப் பெரட்டில் பெயர் கூப்பிட்டு ஞாபகப்படுத்த ஏற்பாடு செய்யலாம். ஒரே நாளில் ஏழெட்டுப் பேர் போகிறார்கள் என்று தெரிந்தால் வாகனத்தைப் பற்றித் துரையிடம் பேசவும் எங்களுக்கு வசதியாக இருக்கும்.